ஒப்புதல் கடிதத்துக்கு ஓர் உரை

முகாமுக்கோ சுற்றுலாவுக்கோ பிள்ளைகளை அழைத்துப் போகும் முன்பு பள்ளிகளும் கல்லூரிகளும் பெற்றோரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகின்றன. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று விருதுநகர் மாவட்டத்தில் எங்கே போய்க் கேட்டாலும் ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி அந்தத் தாளைப் பார்க்காமலே ஒப்பிப்பார். கீழே தந்திருப்பது எந்த ஒரு பள்ளிக்கும் சொந்தமானதல்ல. ஊருக்கு ஊர் ஓரிரு சொல் மாறி வழங்கும் பொது வாசகம்.

“என் மகன் / மகள் …………, வகுப்பு ……, வருகிற …… முதல் …… வரை ………… கிராமத்தில் நடைபெறும் ஏழு நாள் சிறப்பு முகாமில் கலந்துகொள்ள முழுச் சம்மதம் தெரிவிக்கிறேன். முகாம் நாட்களில் ஆசிரியர்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு நடந்துகொள்வார் என உறுதி அளிக்கிறேன். என் மகன் / மகள் நல்ல உடல்நிலையில் உள்ளார். நீர்நிலைகளுக்குச் செல்லக் கூடாது என அறிவுறுத்தி அனுப்புகிறேன். அவசரம் ஏற்பட்டால் மருத்துவ சிகிச்சை அளிக்கச் சம்மதிக்கிறேன். எதிர்பாராத அசம்பாவிதம் ஏதேனும் நேர்ந்தால் அதற்குப் பள்ளி நிர்வாகமோ ஆசிரியர்களோ பொறுப்பல்ல. இப்படிக்கு, பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம், கைபேசி எண்.”

இவ்வளவுதான் மூலம். குறளுக்கும் தொல்காப்பியத்துக்கும் உரை கண்ட மொழியில் இதற்குமா உரை என்று கேட்கலாம். குறளுக்குக் கீழே யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. இதற்குக் கீழே போடுகிறார்கள், பெரும்பாலும் படிக்காமல். அதனால் வரிவரியாகப் பார்த்துவிடுவது நல்லது.

“என் மகன் / மகள் …………, வகுப்பு ……”

பிள்ளையின் பெயருக்கு இடம் இருக்கிறது. பிள்ளையை அழைத்துப் போகிறவர் பெயருக்கு இடம் இல்லை. முதல் வரியிலேயே இந்தக் குறை. உடன் போகும் ஆசிரியர்கள் யார் யார், பெண் பிள்ளைகள் தங்கும் கூடத்தில் இரவு எந்த டீச்சர் படுத்திருப்பார், வெளியிலிருந்து பயிற்சியாளர் என்று எவராவது வருகிறாரா என்று இந்தத் தாளில் தேடினால் கிடைக்காது.

வெளியாள் என்றால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. 2018 ஜூலை 12 அன்று கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி நடந்தது. மாடியிலிருந்து குதிக்க வேண்டும், கீழே வலையைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் நிற்பார்கள். குதிக்கத் தயங்கிய 19 வயது மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட்டார். கீழ்மாடியின் சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்துபோனார். உயிர் காக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வந்தவரால் ஓர் உயிர் போயிற்று. அவருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு சொன்னது. இவர் உங்கள் ஆள்தானா என்று ஆணையத்திடம் பயிற்சிக்கு முந்தின வாரம் யாராவது கேட்டிருந்தால் ஒரே தொலைபேசி அழைப்பில் பதில் கிடைத்திருக்கும்.

இரண்டாவது, 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே. என்.சி.சி. முகாம் என்று சொல்லி ஒரு தனியார் பள்ளியில் நடந்த அந்த முகாமே போலி. பள்ளியிலேயே இரவு தங்கியிருந்த சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். விஷயத்தை மறைக்கப் பார்த்ததாகப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. பிரிவே கிடையாது என்று அந்த அமைப்பு விளக்கம் கொடுத்தது. முகாம் பாதுகாப்பு என்றாலே நமக்குப் பாம்பும் தண்ணீரும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. சீருடை போட்டுக்கொண்டு விசில் ஊதுகிற ஆளை நாம் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

“வருகிற …… முதல் …… வரை ………… கிராமத்தில் நடைபெறும் ஏழு நாள்”

உரைக்கு அதிக இடம் கேட்கும் வரி இதுதான். வேறு மாவட்டத்தில் அந்தக் கோடிட்ட இடத்தில் ஊர்ப் பெயரை நிரப்பினால் வேலை முடிந்தது. சிவகாசி வட்டாரத்தில் அங்கேதான் வேலை தொடங்குகிறது.

பள்ளிகளின் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) சிறப்பு முகாம் பெரும்பாலும் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் வருகிறது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். தீபாவளி ஆர்டர் முடிக்கப் பட்டாசு ஆலைகள் மூச்சு முட்ட ஓடும் நேரமும் அதுவே. உள்ளே வெடிமருந்து அதிகம், ஆள் அதிகம், அவசரம் அதிகம். ஆக, பட்டாசு ஆலைகளுக்கு நடுவே உள்ள ஓர் ஊருக்கு, வருடத்தின் மிக ஆபத்தான வாரங்களில், சேவை செய்யும் உற்சாகத்தோடு பிளஸ் ஒன் பிள்ளைகள் போய் இறங்குகிறார்கள்.

ஆலையை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தள்ளித்தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் ஓடித் தப்பிக்க வாசல், நடுவே வேப்ப மரங்கள். ஒவ்வொரு அறைச் சுவரிலும் பெயிண்டில் எழுதியிருக்கும்: ஒரே சமயத்தில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம். ஓர் இடத்தின் ஆபத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் எழுத்து வேறு எங்கும் கிடைக்காது. அந்த எண்ணிக்கையை மீறி ஆள் உட்காரும்போதும், அறையை விட்டு மரத்தடியில் வேலை நடக்கும்போதும், கலந்த மருந்து மிஞ்சி மறுநாள் வரை கிடக்கும்போதும்தான் செய்தித்தாளில் ‘உராய்வு ஏற்பட்டு’ என்ற அந்தப் பழகிப்போன சொற்றொடர் வருகிறது. நம் ஒப்புதல் கடிதத்தில் அப்படி ஓர் எண்கூட இல்லை. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர் என்று ஒரு பட்டாசு அறைச் சுவர் சொல்லும் அளவுக்குக்கூட அது சொல்வதில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். முதல் வெடிச் சத்தத்தைக் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். தீ பரவி அடுத்தடுத்து வெடித்தபோது பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள். முகாம் நடத்தும் ஒவ்வொருவரும் இந்த ஒரு செய்தியைப் படித்துவிட்டுத்தான் கிராமத்துக்குப் போக வேண்டும் என்பேன். சேவை என்று முதுகில் அச்சடித்த பனியன் போட்ட பதினாறு வயதுப் பையன் புகையைக் கண்டால் எந்தப் பக்கம் ஓடுவான்? அவனுக்கு நாம் அதுவரை சொல்லிக்கொடுத்ததெல்லாம் புகையை நோக்கி ஓடத்தான். முன்னால் ஓடுவதுதான் துணிச்சல், வீடியோ எடுத்தால் அதுவும் ஒரு தொண்டு. இங்கே நேர் எதிராகச் சொல்ல வேண்டும்: சத்தம் கேட்டால் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக விலகி, ஜன்னல் கண்ணாடிக்கு அருகே நிற்காமல், குறித்துவைத்த இடத்துக்குப் போய் உட்கார். தலை எண்ணி முடியும் வரை எழுந்திருக்காதே. தீயணைப்புக்கு 101 அடிப்பது ஆசிரியர் வேலை. இதை முகாமின் முதல் மாலையிலேயே சொல்லி, ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம்.

அடுத்து, முகாமில் என்ன வேலை என்பது. ஏழு நாளில் ஒரு நாளாவது சீமைக் கருவேலம் வெட்டும் வேலை இருக்கும். வெட்டிய முள்ளைக் குவித்து, தெருக்குப்பையையும் சேர்த்து, மாலையில் தீ வைத்து, அதைச் சுற்றி நின்று போட்டோ எடுப்பதுதான் வழக்கம். பட்டாசு ஊர்களில் அந்தத் தீயை வைக்கவே கூடாது. புறம்போக்கிலும் ஓடையோரத்திலும் பட்டாசுக் கழிவு கொட்டும் வழக்கம் ஒழியவில்லை. வெடிக்காத காகிதக் குழாய், அரைகுறைத் திரி, தரையில் சிந்திக் காய்ந்த மருந்து எல்லாம் குப்பையோடு குப்பையாகக் கிடக்கும். சாம்பல் நிறத்தில் இருப்பதால் மண்ணோடு மண்ணாகத் தெரியும். துடைப்பத்தால் கூட்டும் உராய்வே சிலவற்றுக்குப் போதும். சின்னதாகப் பற்றினால் உடனே குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றுவதும் ஆபத்து. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் தண்ணீர் பட்டால் நிலைமை மோசமாகலாம். மணலைத்தான் தேட வேண்டும், அதுவும் பெரியவர்கள்தான்.

சிவகாசியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் அம்மா பேச்சிலேயே வந்திருக்கும். அருப்புக்கோட்டையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும் பிள்ளைக்கு வெள்ளியாய் மின்னும் பொடி ஒரு விளையாட்டுப் பொருள். தொடக்க விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் தேடிப் பொன்னாடை வாங்கும் செலவில், அந்த ஊரிலேயே இருபது வருஷம் மருந்து அறையில் வேலை பார்த்த ஒரு போர்மேனையோ, சரவெடி பின்னும் ஒரு அக்காவையோ கூப்பிட்டு அரை மணி நேரம் பேசச் சொல்லலாம். எதைத் தொடக் கூடாது, எந்தப் பக்கம் போகக் கூடாது என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவதை எந்தக் கையேடும் காட்டாது. இது ஒவ்வொரு ஊரிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருவரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

இன்னொன்று, வெம்பக்கோட்டை. விஜயகரிசல்குளத்தில் 2022இல் அகழாய்வு தொடங்கிய பிறகு பள்ளிச் சுற்றுலாக்களின் பட்டியலில் அந்த ஊரும் சேர்ந்துகொண்டது. வரவேற்க வேண்டியதுதான். பட்டாசு ஆலைகள் மிகுந்த பகுதிக்குள்ளே போகிறோம் என்ற நினைப்போடு போக வேண்டும், அவ்வளவே.

“ஆசிரியர்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு நடந்துகொள்வார்”

கீழ்ப்படியும் கடமையைப் பிள்ளை தலையில் வைக்கிறது இந்த வரி. யாருக்குக் கட்டுப்படுவது, அவர் எதற்குக் கட்டுப்பட்டவர் என்பது எழுதப்படவில்லை.

குரங்கணியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பக்கத்துத் தேனி மாவட்டத்தில், 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழு. பெரும்பாலும் இளம் வயதினர். கொழுக்குமலையிலிருந்து இறங்கிவரும் வழியில் காட்டுத்தீ. இடுப்புயரக் காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, மாறி வீசிய காற்று. 23 பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் சொல்பேச்சுக் கேட்காதவர்கள் அல்லர். மார்ச் மாதம் காட்டுத்தீக் காலம் என்று தெரிந்த ஒருவர் “இன்றைக்குப் போக வேண்டாம்” என்று சொல்லும் ஏற்பாடு இல்லாததுதான் குறை. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் 2018இல் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழிகளோடு ‘டிரெக் தமிழ்நாடு’ தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் செண்பகத்தோப்பு வழியும் அதில் உண்டு. காட்டோரத்து ஊர்களையும் பழங்குடிகளையும் சேர்ந்த இளைஞர்களே வழிகாட்டிகள். தீக்காலம் வந்தால் வழியை மூடிவிடுகிறார்கள். மூடிவைக்கும் அதிகாரம்தான் இதில் பெரிய பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

பள்ளி முகாமில் அந்த அதிகாரம் யாரிடம்? திட்ட அலுவலர் ஒருவர். அவரே வாத்தியார், அவரே வரவு செலவு, அவரே காய்கறி வாங்கச் சந்தைக்குப் போகிறவர். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போன அந்த ஒரு மணி நேரத்தில் முகாமுக்குத் தலைவர் யார் என்று கேட்டால், “பெரிய பையன் ஒருத்தனைப் பார்த்துக்கச் சொல்லியிருக்கேன்” என்று பதில் வரும். அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்னொரு பெரியவர் வேண்டும்.

“நல்ல உடல்நிலையில் உள்ளார்”

மருத்துவர் சொல்ல வேண்டியதை அம்மா அப்பாவைச் சொல்ல வைக்கும் வரி. உண்மையைச் சொன்னால் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயந்து, வீசிங் இருப்பதையும் சின்ன வயதில் வலிப்பு வந்ததையும் மறைத்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வரும் என்ற கவலையும் இதில் சேரும். கேள்வியை மாற்றிக் கேட்டால் பதிலும் மாறும்: “என்ன மாத்திரை சாப்பிடுகிறான்? இன்ஹேலர் பையில் இருக்கிறதா? எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது?” இவற்றுக்கு யாரும் பொய் சொல்வதில்லை.

நல்ல உடல்நிலையில் உள்ளவனையும் சாய்க்கக்கூடியது கரிசல் வெயில். நிழல் கிடையாது, கறுப்பு மண் சூட்டைத் திருப்பி அடிக்கும். பதினோரு மணிக்கு மேல் மண்வெட்டி பிடிக்க வைப்பதில் எந்தத் தொண்டும் இல்லை. வெயிலில் வேலை செய்யும் பிள்ளை தலைவலி, மயக்கம் என்றால் நிழலில் உட்கார வைத்து உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துச் சமாளிக்கலாம். பிதற்றினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், நடை தள்ளாடினால் கதை வேறு. அது வெப்ப வாதம். ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி, விசிறிக் குளிர்விக்க வேண்டும். வாயில் ஊற்றக் கூடாது. மாலையில் இடி இடித்தால் ஒற்றைப் பனையையும் வேம்பையும் விட்டு விலகிக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

“நீர்நிலைகளுக்குச் செல்லக் கூடாது என அறிவுறுத்தி அனுப்புகிறேன்”

அறிவுறுத்துகிறவர் யார் என்று கவனியுங்கள்: பெற்றோர். விருதுநகரில் இருக்கும் அம்மா சொன்ன புத்திமதி, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் மதியம் மூன்று மணிக்கு நிற்கும் மகனைத் தடுத்து நிறுத்தும் என்று இந்த வரி நம்புகிறது.

2023 பிப்ரவரி 15. புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை ஒன்றியத்துப் பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளி மாணவிகள் தொட்டியம் பக்கம் கால்பந்துப் போட்டிக்குப் போயிருந்தார்கள். போகும் வழியில் இல்லை, ஆட்டத்திலும் இல்லை, கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கியபோது நான்கு சிறுமிகள் மூழ்கி இறந்தார்கள். பயண நிகழ்ச்சி நிரலில் காவிரி இருந்திருக்காது. கூட்டமாகப் போகும் பிள்ளைகளின் சாவுகளில் இதுதான் திரும்பத் திரும்ப வருவது: திட்டத்தில் இல்லாத ஒரு நிறுத்தம், “கொஞ்ச நேரம் குளிச்சுட்டுப் போகலாம்” என்ற ஒரு வார்த்தை, ஒருத்தியைப் பிடிக்க இன்னொருத்தி, அவளைப் பிடிக்க மற்றொருத்தி.

நம் பக்கத்துக் கண்மாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாத்தா காலத்துக் கண்மாயில் கரையிலிருந்து படிப்படியாக ஆழம் கூடும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று கால் சொல்லிவிடும். இப்போது வண்டல் அள்ளிய ஜேசிபி எங்கே எவ்வளவு தோண்டியது என்று யாருக்கும் தெரியாது. மழை பெய்து நிரம்பியதும் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். இடுப்பளவில் நின்றவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழக் குழிக்குள் இருப்பான். அடியில் கரிசல் சகதி காலைக் கவ்வும். நீச்சல் தெரிந்தவனையும் விடாது. கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டை இன்னும் மோசம். செங்குத்துச் சுவர், பிடித்து ஏறப் படி இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத பம்புசெட் கிணறுகளைச் சொல்லவே வேண்டாம். முகாம் தொடங்கும் முன்பே ஊர்க்காரர் ஒருவரோடு இவற்றைச் சுற்றிப் பார்த்து ஒரு தாளில் வரைந்துவைப்பது அரை நாள் வேலை. மூழ்குகிறவன் சினிமாவில் போலக் கையை ஆட்டிக் கத்துவதில்லை, சத்தமில்லாமல் இறங்கிவிடுவான். கரையில் நிற்பவன் குதிக்கக் கூடாது. கயிறு, வேட்டி, கம்பு, காலிக் குடம், எது கையில் கிடைக்கிறதோ அதை எறிய வேண்டும்.

மலைப்பக்க நீர் வேறு ரகம். சதுரகிரிக்குத் தாணிப்பாறை வழியாகப் போகிறவர்கள் மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை என்று ஓடைகளைக் கடந்துதான் ஏறுகிறார்கள். 2015 மே மாதம் அமாவாசைக் கூட்டத்தின்போது மேலே பெய்த மழையில் திடீரென வெள்ளம் வந்து பக்தர்களை இழுத்துக்கொண்டு போனது, உயிர்கள் போயின. நிற்கிற இடத்தில் தூறல்கூட இல்லாமல் ஓடை பெருகும். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் கரையேறிவிட வேண்டும் என்பது வத்திராயிருப்புப் பக்கத்து மாடு மேய்க்கிறவர்களுக்குத் தெரியும். குற்றாலத்தில் 2024 மே 17 அன்று பழைய அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனதும் இப்படித்தான்.

“அவசரம் ஏற்பட்டால் மருத்துவ சிகிச்சை அளிக்கச் சம்மதிக்கிறேன்”

சம்மதம் இருக்கிறது. ஆஸ்பத்திரி எங்கே? ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி எது? முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் சிக்னல் கிடைக்குமா? 108க்கு அழைத்தால் இடத்தை எப்படி அடையாளம் சொல்வது? பாம்புக்கடிக்கு மருந்து பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறதா, சிவகாசி அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டுமா? இவற்றை முதல் நாளே விசாரித்துச் சுவரில் ஒட்டாத முகாமில் இந்தச் சம்மதத்துக்குப் பயன் இல்லை.

பாம்பு என்றதும் முள் வெட்டும் பகல் நேரத்தைத்தான் நினைப்போம். முகாமில் அதைவிடப் பயப்பட வேண்டியது வகுப்பறைத் தரையில் பாய் விரித்துத் தூங்கும் இரவு. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும். தூங்குகிறவரைக் கடித்தால் வலி அதிகம் இருக்காது, வீக்கமும் தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்பான். நேற்றைய சாம்பார்மேல் பழி போட்டு ஓமவாட்டர் கொடுப்போம். கண் இமை சொருகத் தொடங்கினால், விழுங்கச் சிரமப்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அசையாமல் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டியதுதான். இப்படி நேராமலிருக்க, தூங்குவதற்கு முடிந்தால் கட்டிலோ பெஞ்சோ, இல்லாவிட்டால் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலை.

தீப்புண் பற்றி இந்த வட்டாரத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் தேட வேண்டியதில்லை. இருந்தும் பற்பசையும் பேனா மையும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம், பிறகு சுத்தமான துணியால் மூடி மருத்துவமனை. ஒட்டிய துணியை உரிக்கக் கூடாது.

“எதிர்பாராத அசம்பாவிதம் ஏதேனும் நேர்ந்தால் … பொறுப்பல்ல”

தாள் முழுவதும் இந்த வரிக்காகத்தான் அச்சடிக்கப்படுகிறது. நீதிமன்றத்தில் மிகக் குறைவாகச் செல்லுபடியாகும் வரியும் இதுவே.

1995 மே 28 அன்று பஞ்சாபின் பதான்கோட் பக்கத்துப் பள்ளி ஒன்று குழந்தைகளைப் பியாஸ் நதிக்கரைக்குச் சுற்றுலா அழைத்துப் போனது. 14 குழந்தைகள் மூழ்கி இறந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2001இல் ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடு உறுதியானது. அழைத்துப் போன ஆசிரியர்களுக்குக் கவனிக்கும் கடமை இருந்தது, அதில் தவறினார்கள், அதற்குப் பள்ளி நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் சாரம். அதே நதியில் 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா போன 24 பொறியியல் மாணவர்களைக் கொண்டுபோனது. அலட்சியத்தால் மரணம் விளைவிப்பது இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் குற்றம். தகப்பனார் போட்ட கையெழுத்து அந்தக் குற்றத்தை மன்னிக்கும் அதிகாரம் பெற்றதல்ல. பிள்ளையின் உரிமையைப் பெற்றவர் எழுதிக்கொடுத்துவிடவும் முடியாது.

அப்படியானால் இந்த வரி யாரைக் காக்கிறது? பள்ளியைக் காப்பதில்லை, காப்பதுபோல் ஒரு தெம்பைக் கொடுக்கிறது. நாற்பது தாள்களைக் கோப்பில் கட்டி வைத்ததும் ‘எல்லாம் வாங்கியாச்சு’ என்று நிம்மதி வந்துவிடுகிறது. கண்மாயைச் சுற்றிப் பார்க்க வேண்டிய அரை நாள் அந்த நிம்மதியில் போய்விடுகிறது. ஆசிரியர்களைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. கூடுதல் சம்பளம் இல்லாமல் ஏழு நாள் வீட்டை விட்டுப் பிள்ளைகளோடு தரையில் படுப்பவர்கள் அவர்கள். ஆபத்து வந்தால் முதலில் இடைநீக்கம் ஆவதும் அவர்களே. அவர்களுக்கும் உண்மையில் உதவக்கூடியது என்னென்ன முன்னேற்பாடு செய்தோம் என்று தேதி போட்டு எழுதிய ஒரு பக்கம்தான். முகாமை நிறுத்திவிடுவது தீர்வு என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டாசு ஆலை வேலியையும் டியூஷன் சுவரையும் தவிர வேறு எதையும் பார்க்காமல் வளரும் பிள்ளைகளுக்குச் செண்பகத்தோப்பும் ஏழு நாள் கூட்டு வாழ்க்கையும் வேண்டும்.

அந்த ஒரு பக்கத்தை இதே தாளின் பின்புறத்தில் அச்சடிக்கலாம். உடன் வரும் பெரியவர்கள் பெயர், தங்கும் கட்டடம், பக்கத்து ஆலைகளும் நீர்நிலைகளும், மருத்துவமனை, வண்டி, ஒவ்வொரு நாளும் என்ன வேலை. கீழே தலைமையாசிரியர் கையெழுத்து. ஒரு பிரதி பெற்றோரிடம் இருக்க வேண்டும். இப்போதைய வழக்கத்தில் பெற்றோர் கொடுப்பது மட்டும்தான், அவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

“பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம், கைபேசி எண்”

பட்டாசு ஊர்களில் இந்தக் கையெழுத்து அதிகாலையில் விழுகிறது. ஆலை வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது, தூக்குவாளியை ஒரு கையில் வைத்துக்கொண்டு அம்மா போடுவது. சில வீடுகளில் பாட்டியின் கைநாட்டு. சில வீடுகளில் வேன் போன பிறகு பிள்ளையே போட்டுக்கொள்கிறது. அம்மா கையெழுத்தை அம்மாவைவிட நன்றாகப் போடும் பிள்ளைகள் உண்டு.

கைபேசி எண்ணும் இருக்கிறது, பத்து இலக்கமும் சரியாக. பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், அல்லது அம்மா வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பார். பிள்ளைக்கு ஏதாவது ஆகி முகாமிலிருந்து பகலில் அழைத்தால் பெட்டிக்குள்ளேயே மணி அடித்து ஓயும். எனவே இந்த வரிக்கு உரை என்று தனியாக எதுவும் வேண்டாம். மூலத்திலேயே ஓர் இடம் கூட்டிக்கொண்டால் போதும். பெற்றோர் வேலை பார்க்கும் ஆலையின் பெயர், அதன் அலுவலகத் தொலைபேசி எண், உள்ளே போய்ச் சொல்லக்கூடிய போர்மேனின் பெயர்.